செயலாளரின் ஆண்டறிக்கை: நிதி விண்ணப்ப முறைகளைச் சீராக்கும் பணி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பு அமைப்புகளிலிருந்து வருகை தந்திருக்கும் பிரதிநிதிகளுக்கும் வணக்கம்.

நமது தொண்டு அமைப்புகளின் கூட்டமைப்பினுடைய சென்ற ஆண்டுச் செயல்பாட்டறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். செயற்குழு விதிப்படி கூடியது. அதன் நடவடிக்கைக் குறிப்புகள் பதிவேட்டில் உள்ளன, வேண்டுவோர் பார்த்துக்கொள்ளலாம். சந்தா நிலுவை, வரவு செலவு ஆகியவற்றைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். வழக்கமான அலுவல்களை இத்துடன் நிறுத்திக்கொண்டு, சென்ற பொதுக்குழு நம்மிடம் ஒப்படைத்த ஒரு பணியைப் பற்றி மட்டும் விரிவாகக் கூற அனுமதி வேண்டுகிறேன். அறக்கட்டளைகளும் அரசுத் துறைகளும் பெருநிறுவனங்களும் தொண்டு அமைப்புகளிடமிருந்து நிதி விண்ணப்பம் பெறும் முறையை நியாயமானதாக ஆக்க அந்த நிதியாளர்களிடம் எதைக் கேட்பது, எதை முதலில் கேட்பது என்பதை ஆராய்ந்து முன்மொழிய வேண்டும் என்பதே அந்தத் தீர்மானம்.

இதற்கென அமைந்த துணைக்குழு தன் முதல் கூட்டத்திலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொண்டது. நிதி கிடைக்காமல் போவது தன்னளவில் அநியாயம் ஆகாது. கொடுப்பதற்கு இருப்பது குறைவு, கேட்போர் அதிகம் என்றால் பலர் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும். கேட்பதற்கே ஆகும் செலவை யார் சுமக்கிறார்கள் என்பதுதான் நாம் எழுப்ப வேண்டிய கேள்வி. நிதி பெற்ற அமைப்புக்கு விண்ணப்பம் எழுதிய உழைப்பு வீண்போகவில்லை. பெறாத அமைப்போ அந்த உழைப்பைத் தன் களப்பணியிலிருந்து பிடுங்கிக் கொடுத்துவிட்டு நிற்கிறது. அதாவது, தேர்வு முறைக்கு ஆகும் செலவின் பெரும்பகுதியைத் தோற்றவர்களே கட்டுகிறார்கள். அந்தச் செலவு எந்த நிதியாளரின் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை.

இது நம் மனக்குறை மட்டுமல்ல. ஆராய்ச்சி நிதித் துறையில் இதை முறையாக அளந்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார மருத்துவ ஆராய்ச்சிக் குழுவுக்கு 2012ஆம் ஆண்டில் வந்த 3,727 திட்ட முன்மொழிவுகளைத் தயாரிக்க ஆய்வாளர்கள் செலவிட்ட நேரம் ஏறத்தாழ 550 பணியாண்டுகள் என்று 2013இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. அவற்றுள் நிதி கிடைத்தது ஐந்தில் ஒரு பங்குக்குத்தான். மீதியுள்ளோரின் உழைப்பை மட்டும் கூட்டினாலே நான்கு நூற்றாண்டைத் தாண்டுகிறது. தொண்டு அமைப்புகளிடையே இப்படி எண்ணிப் பார்ப்போர் அரிது. ஆராய்ச்சியாளருக்காவது மாதச் சம்பளம் வந்துவிடும், சிறு அமைப்பில் விண்ணப்பம் எழுதுபவர் பெரும்பாலும் இரவில் கண்விழித்து எழுதுகிறார்.

ஆகவே துணைக்குழு உறுப்பு அமைப்புகளிடம் ஒரு நேரக் குறிப்பேட்டைக் கொடுத்து, ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் யார், எந்தப் பகுதிக்கு, எவ்வளவு நேரம் செலவிட்டார் என்று எழுதிவரக் கேட்டுக்கொண்டது. எல்லோரும் எழுதவில்லை என்பதையும், எழுதியவர்களுள் சிலர் பாதியில் விட்டுவிட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்தக் குறிப்புகளைக் கொண்டு சராசரி போடுவது முறையாகாது என்று துணைக்குழு கருதியது, நானும் அதை ஏற்கிறேன். ஆனால் குறிப்பேடுகளைப் பக்கம் பக்கமாகப் படித்தபோது, நேரம் எங்கே கரைகிறது என்பது தெளிவாகத் தெரிந்தது. திட்டத்தைச் சிந்திப்பதில் கரைந்த நேரம் குறைவு. அதே விவரத்தை வேறு வடிவத்துக்கு மாற்றுவதில் கரைந்ததே அதிகம்.

ஓர் எடுத்துக்காட்டு போதும். உறுப்பு அமைப்பொன்றின் கணக்காளர் ஒரே திட்டத்தின் வரவுசெலவை மூன்று நிதியாளர்களுக்காக மூன்று விதமாக எழுதியிருக்கிறார். முதல் படிவத்தில் களப்பணியாளரின் ஊதியம் ‘பணியாளர் செலவு’ என்ற தலைப்பில் வந்தது. இரண்டாவதில் ஊதியத்தைச் செயல்பாடுகளின் மீது பங்கிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. மூன்றாவது நிதியாளர் ஊதியமே தரமாட்டார். ஆகவே அதே பணியாளர் ‘பயிற்சியாளர் மதிப்பூதியம்’ ஆனார். இதற்கிடையில் ஒருவருக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரையிலும் இன்னொருவருக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரையிலும் ஆண்டுக் கணக்கு வேண்டும் என்பதால், தணிக்கையாளர் கையெழுத்திட்டு முடித்த கணக்கைப் பிரித்து மறுபடி அடுக்கியிருக்கிறார். இந்த உழைப்பினால் திட்டத்தில் ஓர் எழுத்துக்கூட மேம்படவில்லை. தணிக்கை செய்த அறிக்கையை அதன் சொந்த ஆண்டோடும் தலைப்புகளோடும் அப்படியே ஏற்றுக்கொண்டு, தேவைப்பட்டால் நிதியாளரின் அலுவலகமே தன் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளட்டும் என்ற கோரிக்கை இங்கிருந்துதான் பிறந்தது.

இணையப் படிவங்களைப் பற்றியும் குறிப்பேடுகள் நிறையப் பேசின. கேள்விகளை முழுமையாக முன்கூட்டியே காட்டாமல், ஒரு பக்கத்தை நிரப்பினால்தான் அடுத்த பக்கம் திறக்கும்படி அமைத்திருக்கும் தளங்கள் இன்னும் இருக்கின்றன. கடைசிப் பக்கத்தில்தான் மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கை கட்டாயம் என்பது தெரியவரும், தொடங்கி ஓராண்டேயான அமைப்பு அதுவரை செலவிட்ட நேரத்தை மூடி வைத்துவிட்டு எழ வேண்டியதுதான். எழுத்து வரம்பு இன்னொரு தொல்லை. ‘தமிழ்’ என்பதை நாம் 3 எழுத்தாக எண்ணுகிறோம். கணினிக் குறியீட்டில் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனி இடம் பிடிப்பதால் அது 5 ஆகிறது. யுடிஎஃப்-8 என்னும் கணினிச் சேமிப்பு முறையில் பைட்டுகளை, அதாவது சேமிப்பு அலகுகளை, எண்ணும் தளமானால் 15 ஆகிறது; ஆங்கில எழுத்துக்கோ ஒரு பைட்டு போதும். ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு 500 எழுத்து இடம் தரும் பெட்டி, அப்படிப்பட்ட தளத்தில், தமிழில் எழுதுவோருக்கு ஏறக்குறைய 100 எழுத்துக்குத்தான் இடம் தரும். தாய்மொழியில் விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்பில் பெருமையாகப் போட்டுவிட்டுப் படிவத்தில் இப்படி நெருக்குவது யாரும் திட்டமிட்டுச் செய்வதன்று. எவரும் சோதித்துப் பார்க்கவில்லை, அவ்வளவே. வரம்பைச் சொல் எண்ணிக்கையில் வைப்பதும் முழு நியாயம் ஆகாது, ஏனெனில் ஆங்கிலத்தில் மூன்று சொல்லில் வருவது தமிழில் ஒரே சொல்லில் அடங்கிவிடும். அங்கே நமக்குத்தான் ஆதாயம். பக்க அளவில் தாராளமான ஒரு வரம்பை வைத்தால் வழக்கு தீர்ந்தது.

நிதியின் அளவுக்கும் படிவத்தின் நீளத்துக்கும் தொடர்பே இல்லை என்பது எல்லோரும் சொன்ன குறை. சிறு தொகைக்குக் கேட்கப்பட்ட இணைப்புகள் பல மடங்கு பெரிய தொகைக்குக் கேட்கப்பட்டவற்றை விட அதிகமாக இருந்த நேர்வுகளும் குறிப்பேடுகளில் உண்டு. பிரிட்டனில் 2021இல் தொடங்கிய, நிதி வழங்குவோர் தாமே முன்வந்து ஏற்கும் எட்டு உறுதிமொழிகளுள், விண்ணப்பிப்பவரின் நேரத்தை வீணடிக்காதிருத்தல், முடிவெடுக்கத் தேவையான விவரத்தை மட்டுமே கேட்டல் ஆகிய இரண்டும் இடம்பெற்றிருக்கின்றன. நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை என்பதை நிதியாளர்களிடம் பேசும்போது இதைக் காட்டியே சொன்னோம்.

நிர்வாகச் செலவு குறித்துச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் இது ஒவ்வோர் ஆண்டறிக்கையிலும் வரும் பொருள். வாடகை, மின்கட்டணம், கணக்காளர் ஊதியம் ஆகியவை இல்லாமல் எந்தத் திட்டமும் நடக்காது என்பது நிதியாளருக்கும் தெரியும். அவர்களும் வாடகை கட்டித்தான் அலுவலகம் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளை திட்ட நிதியில் இத்தகைய மறைமுகச் செலவுக்கான பங்கை 10 விழுக்காட்டிலிருந்து 20 ஆக உயர்த்துவதாக 2015இல் அறிவித்தது. அமெரிக்கக் கூட்டரசு நிதியில், அரசுடன் தனியாக விகிதம் பேசி முடிக்காத அமைப்புகள் இச்செலவுக்குக் கோரக்கூடிய பொது விகிதம் 2024 அக்டோபரில் 10இலிருந்து 15 விழுக்காடாக உயர்ந்தது. இது விண்ணப்ப நியாயத்தோடு எப்படித் தொடர்புடையது என்று ஓர் உறுப்பினர் கேட்டார். உண்மைச் செலவை எழுதினால் மதிப்பெண் குறையும் என்ற அச்சம் இருக்கும்வரை விண்ணப்பத்தில் எல்லோரும் செலவைக் குறைத்தே எழுதுவார்கள். நேர்மையாக எழுதியவர் பின்னுக்குத் தள்ளப்படுவார். அதுதான் தொடர்பு.

தேர்வு முறையைப் பற்றிய விவாதம்தான் இவ்வாண்டு நம்மிடையே உண்மையாகவே கருத்து வேறுபாட்டை உண்டாக்கியது. மதிப்பீட்டாளர்கள் மதிப்பெண் அளவுகோலை முன்கூட்டியே வெளியிட வேண்டும், நிராகரிக்கும்போது காரணம் தெரிவிக்க வேண்டும், எத்தனை பேர் விண்ணப்பித்தனர், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பதை ஆண்டுதோறும் சொல்ல வேண்டும் என்பவற்றில் யாருக்கும் மறுப்பில்லை. சிக்கல், தகுதியில் ஏறத்தாழச் சமமாக நிற்கும் விண்ணப்பங்களை எப்படிப் பிரிப்பது என்பதில் எழுந்தது. அரை மதிப்பெண் வேறுபாட்டில் ஒன்றை எடுத்து ஒன்றைத் தள்ளுவது நுட்பமான தேர்வு போலத் தோன்றும். உள்ளே பார்த்தால் நன்றாக எழுதத் தெரிந்தவருக்கும் மதிப்பீட்டாளருக்கு முன்பே அறிமுகமானவருக்குமே அது சாதகம். இதனால் நியூசிலாந்தின் சுகாதார ஆராய்ச்சிக் குழு 2013இல் ஒரு வகை நிதிக்கு, தகுதி பெற்ற விண்ணப்பங்களுக்குள் குலுக்கல் முறையைக் கையாளத் தொடங்கியது; பிரிட்டிஷ் அகாதெமியும் தன் சிறு ஆய்வு நிதிக்கு 2022இல் அதை வெள்ளோட்டம் பார்க்கத் தொடங்கியது. ‘உழைத்து எழுதியதைச் சீட்டுப்போட்டுத் தள்ளுவதா’ என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் கடுமையாக எதிர்த்தனர். சிறு அமைப்புகளோ, இப்போது நடப்பதும் ஏறக்குறைய அதுதான், சீட்டு மட்டும் நம் கண்ணில் படுவதில்லை என்றனர். என் சொந்தக் கருத்து: தகுதி வரம்பைத் தாண்டியவற்றுக்குள், அதுவும் மதிப்பெண் நெருங்கி நிற்கும் பகுதியில் மட்டும் குலுக்கலை ஏற்கலாம், அப்படிச் செய்தால் முன்மொழிவையும் சுருக்கிக்கொள்ளலாம், ஏனெனில் கடைசி அரை மதிப்பெண்ணுக்காகப் பத்துப் பக்கம் எழுத வேண்டியதில்லை. ஒருமித்த கருத்து உருவாகாததால் இது நம் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கப்படவில்லை.

விண்ணப்பமே வேண்டாம், நிதியாளரே தேடி வந்து கொடுக்கட்டும் என்ற யோசனையும் வந்தது. அமெரிக்கக் கொடையாளர் மெக்கென்சி ஸ்காட் பல ஆண்டுகளாக அப்படித்தான் பெருந்தொகைகளை நிபந்தனையின்றி வழங்கிவந்தார். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் தேடி வருபவரின் கண்ணில் படாத அமைப்புக்கு அதில் வழியே இல்லை. அவரே 2023இல் வெளிப்படையான அழைப்பு விடுத்தபோது ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் விண்ணப்பித்தன. முதல் சுற்றில் விண்ணப்பித்த அமைப்புகளே ஒன்றையொன்று மதிப்பிட்டன. 2024 மார்ச்சில் 361 அமைப்புகளுக்கு மொத்தம் 64 கோடி டாலர் அறிவிக்கப்பட்டது. கதவு திறந்திருக்க வேண்டும், வாசற்படி தாழ்வாக இருக்க வேண்டும் என்ற இரண்டும் சேர்ந்தே வேண்டும் என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன். களத்தில் இருப்போர் மதிப்பீட்டில் பங்கேற்பதும் நல்லதே, ஆனால் அந்தப் பணிக்கும் நேரம் ஆகிறது. அதற்கு மதிப்பூதியம் தரப்பட வேண்டும்.

இடையில், கிடைக்கும் தொகையில் ஒரு விழுக்காடு தருவதாகப் பேசி வெளியாளரைக் கொண்டு விண்ணப்பம் எழுதலாமா என்று உறுப்பு அமைப்பொன்று எழுதிக் கேட்டது. கூடாது என்று செயற்குழு பதில் அனுப்பியது. நிதி திரட்டும் தொழிலில் உள்ளோரின் பன்னாட்டு ஒழுக்க நெறிகள் விழுக்காட்டுக் கூலியைத் தடை செய்கின்றன. நிதியாளரும் தம் பணம் இடைத்தரகுக்குப் போவதை விரும்பமாட்டார். எழுத்துக்குக் கூலி வேண்டுமானால், வேலைக்கு இவ்வளவு என்று பேசி, கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டால், மறுபடியும் முதல் கேள்விக்கே வந்துவிடுகிறோம்.

நிதியாளர்களோடு நடந்த சந்திப்புகளின் பலன் கலவையானது. தகுதி நிபந்தனைகளை அறிவிப்பின் முதல் பக்கத்திலேயே போடவும், கேள்விகளை முன்கூட்டியே தரவிறக்கும்படி வைக்கவும் சிலர் உடனே இசைந்தனர். அவர்களுக்கு இதில் செலவில்லை. முதலில் இரண்டு பக்கக் குறிப்பு, அதில் தேறியவர்களிடம் மட்டும் முழு முன்மொழிவு என்ற இரண்டு கட்ட முறைக்கும் எதிர்ப்பு அதிகமில்லை. நிராகரிப்புக்குக் காரணம் எழுதித் தருவதில்தான் எல்லோரும் தயங்கினார்கள். ஆள் போதாது என்றார்கள். விண்ணப்பிக்கும் ஒவ்வோர் அமைப்பிலும் ஆள் போதாமல்தான் எழுதுகிறோம் என்று நம் தலைவர் அங்கேயே பதில் சொன்னார். இரண்டாம் கட்டத்துக்கு அழைக்கப்படுவோருக்கு எழுத்துச் செலவை ஈடுகட்ட ஒரு சிறு தொகை தர வேண்டும் என்ற கோரிக்கையை ஒரே ஒரு நிதியாளர் மட்டும் பரிசீலிப்பதாகச் சொன்னார். எழுத்தில் இன்னும் எதுவும் வரவில்லை.

மேற்கூறியவற்றின் அடிப்படையில் துணைக்குழு தயாரித்த கோரிக்கை மனு இணைப்பில் உள்ளது. தணிக்கை அறிக்கையை அதன் சொந்த வடிவிலேயே ஏற்றல், கேள்விகளை முன்கூட்டியே வெளியிடல், தொகைக்கேற்ற படிவம், இரண்டாம் கட்டத்தில் எழுத்துச் செலவுக்கு ஈடு, மறுப்புக்குக் காரணம் என்பவை அதன் சாரம். குலுக்கல் முறை பற்றிய மாற்றுக் கருத்துகள் தனித் தாளில் இணைக்கப்பட்டுள்ளன. மனுவில் திருத்தம் கோரும் உறுப்பு அமைப்புகள் இன்றைய கூட்டம் முடிவதற்குள் எழுத்து மூலம் தருமாறும், நேரக் குறிப்பேட்டைப் பாதியில் விட்டவர்கள் அடுத்த காலாண்டில் அதைத் தொடருமாறும் கேட்டுக்கொண்டு, மனுவை வாக்கெடுப்புக்கு விடத் தலைவரின் அனுமதியை வேண்டுகிறேன்.

செயலாளர்