மூன்று முறை புறப்பட்டுப் போனவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க உள்நாட்டுப் போர் குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பிதழில் வெளிவரும் தொடரை முதல் வாரத்திலிருந்து விடாமல் வாசித்து வருகிறேன். சென்ற வாரப் பகுதியில், லிங்கனின் முதல் அழைப்பை ஏற்று வந்த தன்னார்வக் குடிப்படையினரை 'மூன்று மாதம் தலைகாட்டிவிட்டு ஊர் திரும்பியவர்கள்' என்று ஒரே வரியில் கட்டுரையாளர் கடந்து சென்றுவிட்டார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆறாவது குடிப்படை ரெஜிமெண்டைப் பொறுத்தவரை அந்த வரி நியாயமானதன்று.

அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோன தென்மாநிலங்களை அடக்க, 1861 ஏப்ரல் 15 அன்று ஜனாதிபதி லிங்கன் 75,000 பேரைப் படைக்குக் கேட்டார். மறுநாளே பாஸ்டனில் திரண்ட இந்த ரெஜிமெண்ட் 17ஆம் தேதி வாஷிங்டனுக்கு ரயிலேறிவிட்டது. அதில் பலர் லோவெல், லாரன்ஸ் போன்ற நெசவாலை ஊர்க்காரர்கள். தெற்கில் அடிமைகள் பறித்த பருத்தியை நம்பி வாழ்ந்த ஊர்களிலிருந்து, அந்தப் பருத்தி மாநிலங்களின் பிரிவினையை எதிர்க்கப் புறப்பட்டவர்கள் என்பதை, 31 ஆண்டுகள் நூற்பாலையில் உழைத்த என்னால் சாதாரணமாக வாசிக்க முடியவில்லை. (அமெரிக்கத் தென்மாநிலப் பருத்தி நின்றுபோன அந்த ஆண்டுகளில்தான் இங்கிலாந்து ஆலைகள் நம் திருநெல்வேலிப் பருத்தியையும் தேடி வந்தன.)

ஏப்ரல் 19 அன்று, வாஷிங்டன் போகும் வழியிலுள்ள பால்டிமோர் நகரில் நடந்ததைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். அந்நகரில் ஒரு ரயில் நிலையத்திலிருந்து மற்றொன்றுக்குப் பெட்டிகளைக் குதிரை பூட்டி, பிராட் தெரு வழியாக இழுத்துச் செல்வது வழக்கம். முதலில் போன பெட்டிகள் கல்லடி பட்டும் போய்ச் சேர்ந்தன. அதன்பின் பிரிவினை ஆதரவுக் கூட்டம் தண்டவாளத்தில் மணலைக் கொட்டி, துறைமுகத்திலிருந்து கப்பல் நங்கூரங்களை இழுத்துவந்து போட்டு வழியை அடைத்துவிட்டது. எஞ்சிய நான்கு கம்பெனிகள் (ரெஜிமெண்டின் உட்பிரிவுகள்), ஏறத்தாழ 220 பேர், இறங்கி நடந்தே போக வேண்டியதாயிற்று. நகர மேயரே சிறிது தூரம் அவர்களுடன் நடந்தும் கூட்டம் அடங்கவில்லை. கல்லும் துப்பாக்கியும் இருபுறமும் பேசி முடிந்தபோது நான்கு வீரர்களும் நகரத்தார் 12 பேரும் இறந்திருந்தனர். இறந்த லூதர் லாட் என்பவருக்கு வயது 17. நான் ஆலையில் சேர்ந்தபோது எனக்கும் அதே வயதுதான்.

அன்று மாலை வாஷிங்டன் சேர்ந்தவர்களை செனட் மண்டபத்தில் தங்கவைத்தார்கள். அதே மாநிலத்துக்காரரும் பின்னாளில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவியவருமான கிளாரா பார்ட்டன், அவர்களுக்கு உணவும் துணியும் கொண்டுவந்ததோடு, துணை ஜனாதிபதியின் இருக்கையில் அமர்ந்து சொந்த ஊர்ச் செய்தித்தாளை அவர்களுக்கு உரக்க வாசித்தும் காட்டினார். பாலங்கள் எரிக்கப்பட்டு, தந்தியும் துண்டிக்கப்பட்டுத் தலைநகர் தனித்துக் கிடந்த அந்த நாட்களில், வடக்கு என்று ஒன்று இருப்பதற்கு நீங்கள் மட்டுமே சான்று என்னும் பொருளில் லிங்கன் இவர்களிடம் மனம் வெதும்பிப் பேசினார். உதவிக்கு நியூயார்க்கின் ஏழாவது ரெஜிமெண்ட் வந்து சேர்ந்தது 25ஆம் தேதிதான்.

மேலும், இவர்கள் மூன்று மாதத்தோடு நின்றுவிடவில்லை. 1862இல் மீண்டும் ஒன்பது மாதப் பணிக்குச் சென்று வர்ஜீனியாவின் சஃபோக் பகுதியில் போரிட்டார்கள். 1863 மே 15 அன்று கார்ஸ்வில்லில் பின்வாங்க உத்தரவு வந்த பிறகும், ஜோசப் ஸ்வெட் என்ற சிப்பாய் காயமுற்ற தோழர்களுக்காகக் குண்டுமழைக்குள் திரும்பி ஓடி, அவர்கள் பக்கத்திலேயே இருந்து சிறைப்பட்டார். பின்னர் அமெரிக்காவின் மிக உயர்ந்த இராணுவ விருதான மெடல் ஆஃப் ஹானர் பெற்றார். 1864இல் மூன்றாம் முறை 100 நாள் பணி, டெலவேர் கோட்டையில் போர்க்கைதிகளுக்குக் காவல்.

புல் ரன் போன்ற பெரும் போர்க்களத்தில் இவர்கள் பெயர் இல்லை என்பது உண்மையே. ஆனால் ஆள் இல்லாத நேரத்தில் முந்தி வந்து நின்றவர்களைப் போர்க்களக் கணக்கைக் கொண்டு மட்டும் எடைபோடுவது சரியல்ல. தொடரின் அடுத்த பகுதியில் அவ்வரியைத் திருத்தி, பால்டிமோர் தெருவில் மடிந்த லூதர் லாட், அடிசன் விட்னி, சார்லஸ் டெய்லர், சம்னர் நீடம் ஆகிய நால்வரின் பெயர்களையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூற்பாலைத் தொழிலாளி,
கோவில்பட்டி.