மலரின் கழுத்து விஷயமாக

பினாங்கு
ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீ, மச்சான், மலர் எல்லாரும் நலமா? கடைத்தெருவில அதே சாப்பாட்டுக் கடை, அதே வேலை. ராத்திரி கடை சாத்திட்டு ரூமுக்கு வந்து இதை எழுதறேன்.

மலேசியாவுல பெரியாஸ்பத்திரிக்கு ஒரு வெள்ளி, அதான் ஒரு ரிங்கிட்தானாமே, கழுத்துத் தழும்பு ஆபரேஷனுக்கு மலரை அங்க கூட்டிட்டு வரட்டுமான்னு கேட்டிருந்த. அந்த ஒரு வெள்ளி இந்த நாட்டுக் குடிமக்களுக்கு, அக்கா. காய்ச்சல், சளிக்கு அவங்களுக்கு 1 வெள்ளி, ஸ்பெஷலிஸ்ட்டுன்னா 5 வெள்ளி. நம்மளை மாதிரி வெளிநாட்டுக்காரங்களுக்கு அதுவே 40, 120. ஆபரேஷன்னா முழுச் செலவும் நம்ம தலையில, முன்பணம் கட்டினாத்தான் கட்டில். பிரைவேட்டுக்கு மேடான்லேருந்து இந்தோனேசியாக்காரங்க நிறைய வர்றாங்க. அது காசுள்ளவங்க வழி.

ஆனா இங்க பார்த்த ஒண்ணை உனக்குச் சொல்லியே ஆகணும். போன மாசம் வீட்டுக்கார அம்மாவைப் பெரியாஸ்பத்திரிக் கண் டாக்டர்கிட்ட நான்தான் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு மேலிமையும் தொங்கிப்போய், டிவி பார்க்கவே தலையைப் பின்னால சாய்ச்சுத்தான் உட்காருவாங்க. சொந்தத் தங்கச்சியே, “இந்த வயசுல அழகு பார்க்கப் போறியா?”ன்னு கேட்டிருக்காங்க. அந்தக் கூச்சத்தோடவே பெஞ்சுல உட்கார்ந்திருந்தாங்க. உள்ள ஒரு மெஷின்ல தாடையை வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியறப்போ எல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னாங்க. மேல்பக்கம் வந்த புள்ளி எதுக்கும் அம்மா கை அசையல. அப்புறம் இமையைத் தூக்கி டேப் ஒட்டிட்டு மறுபடியும் வெச்சாங்க. இந்தத் தடவை டக் டக்னு அமுக்கிக்கிட்டே இருந்தாங்க. இமை பார்வையை மறைக்குது, அதனால இங்கேயே ஆபரேஷன் பண்ணலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. மறைக்கலன்னா அது அழகுக்காகப் பண்றது, வெளியில பார்த்துக்கணுமாம்.

அழகா, தேவையான்னு இப்படித்தான் பிரிக்கிறாங்க, அக்கா. அந்த உறுப்பு செய்ய வேண்டிய வேலையைச் செய்யுதா இல்லையான்னுதான் கேள்வி. இருக்கிற டாக்டரும் ஆபரேஷன் தியேட்டரும் கொஞ்சம். தீக்காயத்தோட வந்தவனும் மூக்கை எடுப்பா மாத்தணும்னு வந்தவனும் ஒரே வரிசையில நின்னா, தீக்காயக்காரனைத்தான் முதல்ல எடுக்கணும். இதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல.

2018ல சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில, அழகுக்காகக் கேட்டாலும் மார்பக ஆபரேஷன் இலவசம்னு ஆரம்பிச்சப்போ பெரிய பேச்சாச்சு. பணக்காரங்களுக்குக் கிடைக்கிறது ஏழைக்கு ஏன் கிடைக்கக் கூடாதுன்னு அமைச்சர் கேட்டார். பொது சுகாதாரத் துறையில முன்னாடி இயக்குநரா இருந்த ஒருத்தர், தொற்றுநோயைப் பார்க்க வேண்டிய இடத்துல அழகுக்குப் போயிட்டோமேன்னு வருத்தப்பட்டார். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. ஆனா நம்ம மலர் அந்தப் பேச்சுக்குள்ளயே வர மாட்டா, அவளோடது அழகுக்காக இல்ல.

நீ எழுதினதைத் திருப்பித் திருப்பிப் படிச்சேன். “பொண்ணு பார்க்க வர்றவங்க தழும்பைப் பார்த்துட்டுப் போயிடறாங்க, அதை மறைக்க ஏதாவது பண்ணணும்.” டாக்டர்கிட்டயும் இதையே சொன்னா, அழகுக்குக் கேட்கிறாங்கன்னு எழுதிடப் போறாங்க. வடிகஞ்சி கொட்டினப்போ அவளுக்கு 7 வயசு. தோல் சுருங்கி, தாடை நெஞ்சோட இழுத்துக்கிச்சு. அண்ணாந்து தண்ணி குடிக்க முடியாது. கீழுதடு இழுக்கிறதால சோறு ஒழுகும்னு முந்தானையைப் பிடிச்சுக்கிட்டே சாப்பிடுவா. அதைச் சொல்லு, அக்கா. அவளால என்னென்ன முடியலையோ ஒண்ணு விடாம சொல்லு. வெட்கப்பட்டுக்கிட்டு நிக்காத. முகமும் ஒரு பொண்ணுக்குத் தேவைதான்னு நான் நினைக்கிறேன், ஆனா முதல் வாசலை இதுதான் திறக்கும்.

மதுரை பெரியாஸ்பத்திரியில பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவு இருக்கு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் ரேஷன் கார்டையும் கையோட எடுத்துட்டுப் போ. இறுகின தோலை வெட்டி விட்டு, தொடையிலேருந்து தோல் எடுத்து வைப்பாங்களாம். அதோட முடியாது. கழுத்துப் பட்டை மாசக்கணக்குல போடணும், தினமும் கழுத்துப் பயிற்சி செய்யணும். விட்டா மறுபடியும் இறுகிடும். அதனால தையல் வேலைக்கு லீவு கேட்கச் சொல்லு. பியூட்டி பார்லர்ல லேசர் வெச்சுச் சரி பண்றோம்னு யாராவது சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க. 2020ல கோலாலம்பூர்ல ஒரு பியூட்டி சென்டர்ல கொழுப்பை எடுக்கப் போன ஒரு பொண்ணு உயிரையே விட்டுச்சு.

போக வர, தங்க, சாப்பிட ஆகிற செலவுக்குப் பணம் போட்டிருக்கேன். தாய்மாமன் நான் இருக்கேன், யார்கிட்டயும் கடன் வாங்காத. அவளை முடிஞ்ச வரைக்கும் அண்ணாந்து நிக்கச் சொல்லி, பக்கவாட்டுல ஒரு படம் எடுத்து டாக்டர்கிட்ட காட்டு. எனக்கும் ஒண்ணு அனுப்பு.

மச்சானைக் கேட்டதாச் சொல்லு.

இப்படிக்கு,
உன் தம்பி