அந்த ஒரு சிட்டிகை வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பிதழில் தணலில் சுடும் கோழிக்கறிக்கான செய்முறை வந்திருந்தது. நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் நடுவில் ஒரு வரி, ‘சிவப்பு கலர் ஒரு சிட்டிகை’ என்று இருந்தது. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம் எழுதுகிறேன்.

காவேரிப்பட்டணத்தில் என் வீட்டுக்காரர் முப்பது வருடமாகக் கறிக்கடை நடத்துகிறார். கறி வாங்க வருகிறவர்கள், “அக்கா, மசாலாவும் நீங்களே கொடுத்துவிடுங்கள்” என்று கேட்கக் கேட்க, அரைத்துக் கொடுப்பது என் வேலையாகிவிட்டது. அதனால் இதைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருப்பதாக நினைக்கிறேன்.

போன வருடம் என் பேத்தியை அழைத்துக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, நெடுஞ்சாலை ஓரக் கடை ஒன்றில் சுட்ட கோழி வாங்கிக் கொடுத்தோம். மறுநாள் காலையில் குளிப்பாட்டும்போது பார்க்கிறேன், குழந்தையின் நகக்கண்ணெல்லாம் ரோஜா நிறத்தில் இருக்கிறது. சோப்புப் போட்டேன், எலுமிச்சைத் தோலால் தேய்த்தேன். மஞ்சள் கறையாக இருந்தால் சோப்புப் பட்டதும் செம்மண் நிறத்துக்கு மாறும், வெயில் பட்டால் வெளுத்துவிடும். இது அசையவில்லை. மூன்றாம் நாள்தான் போனது. விரலிலேயே இப்படி ஒட்டுகிற சாயம் ஏழு வயதுக் குழந்தையின் வயிற்றுக்குள் போயிருக்கிறதே என்று அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளி போனால் கர்நாடகம். அங்கே 2024 ஜூன் மாதம் கோழி, மீன் கபாப்களில் செயற்கை நிறம் சேர்க்கத் தடை போட்டார்கள். கடைகளில் எடுத்த 39 மாதிரிகளைச் சோதித்ததில் எட்டில் சாயம் இருந்ததாம். அதே வருடம் பிப்ரவரியில் நம் தமிழ்நாட்டில் ரோடமின்-பி என்ற துணிச்சாயம் கலந்த பஞ்சுமிட்டாயைத் தடை செய்ததும் நினைவிருக்கும். பஞ்சுமிட்டாய் விஷயத்தில் விழித்துக்கொண்ட நாம், கறி விஷயத்தில் மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்? நாலு பேர் படிக்கும் பத்திரிகையே ஒரு சிட்டிகை போடு என்று சொன்னால், கடைக்காரரை யார் கேட்பது?

கறி சிவப்பாக இருக்க வேண்டும் என்ற ஆசையை நான் குறை சொல்லவில்லை. அதற்கு மிளகாயே போதும் என்றுதான் சொல்கிறேன். பியாட்கி மிளகாயை எடுத்துப் பாருங்கள். தோல் சுருங்கி, நீளமாக, கருஞ்சிவப்பாக இருக்கும். காரம் குறைவு, நிறம் அள்ளிக் கொடுக்கும். குண்டூர் மிளகாய் வழவழப்பாக இருக்கும், காரத்துக்கு அது. ஒரு கிலோ கறிக்குப் பத்துப் பியாட்கி, நாலு குண்டூர் என்று வைத்துக்கொள்கிறேன். காம்பைக் கிள்ளி, விதையைப் பாதி உதிர்த்துவிட்டு, வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து அரைத்தால் விழுது குங்குமம் போல வரும். மிளகாயின் நிறம் எண்ணெயில்தான் இறங்கும். அதனால் இரண்டு கரண்டி நல்லெண்ணெயில் விழுதைக் குழைத்துக் கறியில் தடவுங்கள். தணலில் வைத்ததும் அந்த எண்ணெய் பளபளவென்று சிவந்து நிற்கும்.

மற்றது அதிகம் வேண்டாம். மல்லி இரண்டு கரண்டி, மிளகு ஒரு கரண்டி, சீரகமும் சோம்பும் அரை அரைக் கரண்டி, சின்னத் துண்டு பட்டை, இரண்டு கிராம்பு, கொஞ்சம் கல்பாசி. கல்பாசியை வெறும் சட்டியில் லேசாக வறுத்தால்தான் அதன் மணம் எழும். ஆட்டுக்கறிக்கு அது இல்லாமல் நான் அரைப்பதே இல்லை. கோழிக்கு வேண்டாம். மீனுக்கு மல்லியும் பட்டையும் கூடாது. மிளகாய், மஞ்சள், பூண்டு, கொஞ்சம் புளிக்கரைசல், அவ்வளவுதான். நம் மாவட்டத்துப் புளி இருக்க வேறு புளிப்பு எதற்கு? முற்றிய ஆட்டுத் தொடை என்றால் பப்பாளிக்காயைத் தோலோடு அரைத்து ஒரு கரண்டி சேர்க்கலாம். கூடினால் கறி குழைந்து கம்பியில் நிற்காது. உப்பை முதல் நாள் இரவே தடவிவிடுவது என் வழக்கம்.

மில்லில் அரைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முன்னால் அரைத்தவருடைய தூள் இயந்திரத்துக்குள் தங்கியிருக்கும், அதனால் முதல் இரண்டு பிடியைத் தனியாக எடுத்துவிடுங்கள். மாவு சுடச்சுட வரும். அப்படியே டப்பாவில் அடைத்தால் மூடிக்கு உள்ளே வியர்த்து, மணமெல்லாம் போய், தூள் கட்டிதட்டிவிடும். வேட்டியை விரித்து நிழலில் ஆறவிட்டுத்தான் நான் அள்ளுவேன். கடையில் வாங்கிய தூளை ஒரு தம்ளர் தண்ணீரின் மேல் தூவிப் பாருங்கள். நிறம் உடனே கோடு கோடாக இறங்கினால் அது சாயம். எண்ணெயில் மட்டும் கரைகிற சாயங்கள் இந்தச் சோதனையில் அகப்படாது. அதனால்தான் முழு மிளகாயை வாங்குங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன், வெளிநாட்டு முறையில் கறி சுடுவதற்கான மசாலா என்று ஒரு புட்டி வாங்கிவந்தான். சேர்மானப் பட்டியலில் முதலில் இருந்தது சர்க்கரை, அடுத்தது உப்பு. எது அதிகமோ அதைத்தான் முதலில் அச்சிடுவார்கள். அமெரிக்காவில் மூடி போட்ட அடுப்பில் மணிக்கணக்காக மெல்லிய சூட்டில் வேகவைக்கிறார்கள், அங்கே சர்க்கரை தாங்கும். நம் திறந்த கரி அடுப்பில் பத்து நிமிடத்தில் வெளியே கருகிவிட்டது, எலும்போரம் ரத்தம் அப்படியே இருந்தது. அவர்கள் அடுப்புக்கு அந்த மசாலா சரி, நம் அடுப்புக்கு இல்லை.

ஆசிரியர் அவர்களே, அடுத்த ஞாயிறு ஒரு சிறு திருத்தம் வெளியிடுங்கள். சிவப்பு கலர் என்று இருந்த இடத்தில், ‘பியாட்கி மிளகாய் பத்து, ஊறவைத்து அரைத்தது’ என்று போட்டால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.