போவிஸ் மாவட்டத்துப் பழங்கட்டடங்கள்: சட்டம் காப்பது எதை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் வெளியான வேல்ஸ் பயணக் கட்டுரையில், போவிஸ் கோட்டை முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பதால் அது அரசின் உடைமை என்றும், அதன் காரணமாகவே அங்குள்ள திப்பு சுல்தானின் கூடாரத்தை எவரும் வெளியே எடுத்துச் செல்ல இயலாது என்றும் எழுதப்பட்டிருந்தது. இரண்டும் சரியல்ல. திப்புவின் பொருள்கள் எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்வியில் நம் வாசகர்கள் பலருக்கும் அக்கறை உண்டு என்பதால், அந்தப் பட்டியலுக்கான சட்டம் எதைக் காக்கிறது, எதைத் தொடுவதேயில்லை என்பதை, கோட்டை இருக்கும் போவிஸ் மாவட்டத்தில் வசிப்பவன் என்ற முறையில் விளக்க விரும்புகிறேன்.

வேல்ஸில் ஏறத்தாழ 30,000 கட்டடங்கள் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளன. முதல் தரம், இரண்டாம் தர நட்சத்திரம், இரண்டாம் தரம் என மூன்று பிரிவுகள். பட்டியலைப் பராமரிப்பது வேல்ஸ் அரசின் கீழ் இயங்கும் ‘கடூ’ என்னும் அமைப்பு. 1700-க்கு முன் கட்டப்பட்டு, ஓரளவுக்கேனும் பழைய உருவத்தோடு நிற்பவற்றுக்குப் பெரும்பாலும் பட்டியலில் இடம் கிடைத்துவிடும். கோட்டைகளும் மாளிகைகளும் மட்டுமல்லாமல், மைல்கற்களும் சிவப்புத் தொலைபேசிக் கூண்டுகளும்கூட அதில் இருக்கின்றன. பட்டியலில் சேர்வதால் உரிமையாளர் மாறுவதில்லை. போவிஸ் கோட்டை 1952-இல் அதன் கடைசித் தனி உரிமையாளரான பிரபு மறைந்தபோது நேஷனல் டிரஸ்ட்டின் வசம் வந்தது. நேஷனல் டிரஸ்ட் ஓர் அறக்கட்டளை. அரசுத் துறை அன்று.

கட்டுரையாளர் கோட்டையோடு நின்றுவிடாமல் இம்மாவட்டத்தின் மற்ற முதல் தரக் கட்டடங்களையும் பார்த்திருந்தால் இந்தக் குழப்பம் நேர்ந்திருக்காது என்று நினைக்கிறேன். லானிட்லோஸ் ஊரின் நாற்சந்தி நடுவில், மரத்தூண்கள்மேல் நிற்கிறது பதினேழாம் நூற்றாண்டுத் தொடக்கத்துச் சந்தைக் கூடம். வண்டிகள் இன்றும் அதைச் சுற்றித்தான் போகின்றன. கிளாஸ்பரிக்கு அருகே உள்ள மைசரோனென் தொழுகையில்லம், அரச திருச்சபையைச் சேராத கிறித்தவர்கள் வெளிப்படையாகக் கூடி வழிபட 1689-இல் சட்டம் இடம் கொடுத்த சில ஆண்டுகளுக்குள், பழைய பண்ணைக் கட்டடம் ஒன்றை மாற்றியமைத்து உருவாக்கியது என்பர். உள்ளே சொகுசு என்று சொல்ல ஒன்றுமில்லை: சுண்ணாம்பு பூசிய சுவர்கள், பழைய மரப்பலகை இருக்கைகள், ஒரு பிரசங்க மேடை. மாவட்டத்தின் தென்மேற்கில், கிரெய்க்-இ-நோஸ் மாளிகையில், புகழ்பெற்ற பாடகி அடெலினா பட்டி தமக்கென்று 1891-இல் திறந்த அரங்கம் இருக்கிறது. பார்வையாளர் பகுதியின் தரையையே மேடை மட்டத்துக்கு உயர்த்தி நடனக் கூடமாக்கும் பொறியமைப்பு அதில் உண்டு. பிரபுவின் கோட்டையும், விவசாயிகளின் தொழுகையில்லமும், ஒரு பாடகியின் அரங்கமும் ஒரே தரத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன என்பதே இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

சட்டத்தின் பிடி இறுக்கமானதுதான். 2024 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ள வரலாற்றுச் சூழல் (வேல்ஸ்) சட்டம், 2023-இன்படி, பட்டியலில் உள்ள கட்டடத்தை இடிக்கவோ, அதன் தன்மையைப் பாதிக்கும்படி மாற்றவோ முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும். பெறாமல் செய்வது குற்றவியல் குற்றம். மரச் சாளரத்தைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் சாளரம் வைப்பதுகூட இதில் அடங்கும். விண்ணப்பம் போவிஸ் மாவட்ட மன்றத்துக்குப் போகும். கட்டடம் பிரெக்கான் பீக்கன்ஸ் தேசியப் பூங்காவுக்குள் இருந்தால் பூங்கா ஆணையத்துக்குப் போகும். ஒரு கட்டடத்தைப் பட்டியலில் சேர்ப்பது குறித்து உரிமையாளரிடம் கருத்துக் கேட்கத் தொடங்கிய நாளிலிருந்தே தற்காலிகப் பாதுகாப்பு வந்துவிடுவதால், அறிவிப்பைக் கண்டதும் இரவோடு இரவாக இடித்துத் தள்ளும் தந்திரம் இங்கே பலிக்காது. வழிபாட்டில் உள்ள தேவாலயங்களுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு: குறிப்பிட்ட சில திருச்சபைகள் தங்களுக்குள்ளேயே அனுமதி நடைமுறை வைத்திருப்பதால், அவை அரசின் ஒப்புதலை நாட வேண்டியதில்லை.

ஆனால் இச்சட்டம் செய்யாதவையும் பல. கட்டடத்தை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும் என்று உரிமையாளருக்கு அது நேரடியாகக் கட்டளையிடுவதில்லை. நிலைமை மோசமான பிறகே மன்றம் நோட்டீஸ் அனுப்பித் தலையிட முடியும். பழுதுபார்ப்புச் செலவுக்கு 20 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி வேறு. ஒப்புதல் பெற்ற மாற்றங்களுக்கு முன்பு இருந்த வரிவிலக்கையும் 2012 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள். காப்பாற்று என்று சொல்லிவிட்டுக் காப்பாற்றுகிறவனிடமே வரி வசூலிப்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இனி திப்புவின் கூடாரத்துக்கு வருகிறேன். பட்டியல் காப்பது கட்டடத்தை, அதனோடு பொருத்தப்பட்டவற்றை, 1948 ஜூலை 1-க்கு முன்பிருந்தே அதன் வளாகத்தில் நிலத்தோடு சேர்ந்து நிற்கும் கட்டுமானங்களை. போவிஸ் கோட்டையின் பெரிய படிக்கட்டுச் சுவர்களில் லான்ஸ்க்ரூன் என்ற ஓவியர் 1705 வாக்கில் வரைந்த சுவரோவியங்கள் உள்ளன. அவை சுவரின் பகுதி. ஆகவே கட்டடத்தின் பகுதி. ஒப்புதலின்றி யாரும் கைவைக்க முடியாது. நீள்கூடத்தில் 1590-களில் செய்யப்பட்ட சுதை வேலைப்பாட்டுக்கும் இதே நிலைதான். அதே கூரையின்கீழ் வைக்கப்பட்டிருக்கும் கூடாரமோ, பூக்குவளைகள் அச்சிட்ட பருத்தித் துணி. திப்புவின் அரியணையை அலங்கரித்த, மணிகள் பதித்த பொற்புலித் தலையும் அவ்வாறே, பெயர்த்தெடுத்துக் கொண்டுவரப்பட்ட பொருள். இவற்றை மடித்தாலும் எடுத்தாலும் கட்டடச் சட்டத்துக்கு அதில் வேலையில்லை. மதிப்புமிக்க பழம்பொருளை நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்ல ஏற்றுமதி உரிமம் தேவைப்படலாம். அது வேறு சட்டம், வேறு அதிகாரிகள்.

இந்தக் கோட்டைக்கும் நமக்கும் உள்ள தொடர்பையும் கட்டுரை பாதியிலேயே விட்டுவிட்டது. ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ், கோட்டைக்கு உரிய ஹெர்பர்ட் குடும்பத்தில் 1784-இல் மணம் செய்தவர். 1798 முதல் 1803 வரை சென்னையில் ஆளுநர். திப்புவின் தலைநகரான சீரங்கப்பட்டணம் 1799-இல் வீழ்ந்தது அவர் காலத்தில்தான். அவர் மனைவி ஹென்ரியட்டா அடுத்த ஆண்டே மகள்களோடு சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கோயம்புத்தூர், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் எனப் பயணம் செய்து, போன இடங்களிலெல்லாம் பொருள் சேர்த்தார். சீரங்கப்பட்டண வெற்றியையும் தந்தையார் பெற்ற பிளாசி வெற்றியையும் நினைவுகூர எட்வர்ட் கிளைவ் சென்னையில் எழுப்பிய விருந்து மண்டபம்தான் இன்றைய ராஜாஜி மண்டபம். ஒரே போரின் சுவடுகள் இரு நாடுகளில் இரு கட்டடங்களில் இருக்கின்றன என்பதை ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம்.

கூடாரத்தைத் திருப்பித் தர வேண்டுமா என்பதில் எனக்கென்று ஒரு கருத்து உண்டு: அது கொள்ளைப் பொருள், அதைப் பற்றிப் பேசத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பேச்சை நேஷனல் டிரஸ்ட்டிடமும், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலும், இந்திய அரசின் வழியாகவும் நடத்த வேண்டும். கட்டடப் பட்டியலைக் காரணம் காட்டி “சட்டம் இடம் கொடுக்காது” என்று நாமே எழுதினால், எதிர்த்தரப்பு கேட்காத ஒரு சாக்கை நாமே எடுத்துக் கொடுத்ததாகும்.

கடைசியாக ஒன்று. கட்டுரையோடு அச்சான படம் போவிஸ் கோட்டையினுடையது அன்று. கூம்புக் கூரைக் கோபுரங்களோடு மரங்களுக்கிடையே தெரிவது கார்டிஃபுக்கு வடக்கே உள்ள காஸ்டெல் கோக். பியூட் பிரபுவுக்காக வில்லியம் பர்ஜஸ் வடிவமைத்து 1875-இல் மறுகட்டுமானம் தொடங்கிய கோட்டை. போவிஸ் கோட்டைக்கும் வெல்ஷ் மொழியில் அதே பெயர் வழங்குவதால் படம் மாறியிருக்க வேண்டும். போவிஸ் கோட்டை இருப்பது வெல்ஷ்பூல் ஊரை ஒட்டி, இங்கிலாந்து எல்லைக்குச் சில மைல் தொலைவில். அடுத்த இதழில் படத்துக்கும், மேற்சொன்ன இரு தகவல்களுக்கும் சேர்த்துத் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்,
லானிட்லோஸ், போவிஸ், வேல்ஸ்.