‘லா ஜுயிவ்’ மேடையேறியது: கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

பாரிசில் எங்கள் சிறு குழு பிரெஞ்சு இசையமைப்பாளர் அலெவியின் ‘லா ஜுயிவ்’ (‘யூதப் பெண்’) ஓபராவை, அதாவது இசை நாடகத்தை, மேடையேற்றிவிட்டது. நீங்கள் இல்லாமல் இது நடந்திருக்காது.

1835இல் இங்கேதான் இது அரங்கேறியது. 1875இல் பாரிஸ் ஓபரா நிறுவனத்தின் கார்னியே அரங்கத் திறப்பு விழாவிலும் இதிலிருந்து பாடினார்கள். அப்படிக் கொண்டாடிய பாரிஸ் ஓபராவில், 1934க்குப் பிறகு 2007 வரை இது ஒலிக்கவே இல்லை. இதை மேடையேற்ற வேண்டும் என்று கடைசிவரை வாதாடிய அமெரிக்கப் பாடகர் ரிச்சர்ட் டக்கருக்கும், 1999இல் வியன்னாவில் கதைநாயகன் எலியாசராக நின்று பாடிய பாடகர் நீல் ஷிகாஃபுக்கும் முதல் நன்றி. எங்களுக்குத் துணிச்சல் தந்தவர்கள் அவர்கள்தான்.

அப்புறம், கூட்டுப் பாடகர்களே, உங்களுக்கு. என்னைக் கேட்டால், இந்த ஓபராவின் முக்கியப் பாத்திரம் ஊர்க்கூட்டம்தான். 1414ஆம் ஆண்டு, கான்ஸ்டன்ஸ் நகரம். தேவாலயத்தில் துதிப்பாடல் ஒலிக்கும்போது யூதப் பொற்கொல்லர் எலியாசரின் பட்டறையில் சுத்தியல் சத்தம் கேட்கிறது. திருநாளில் வேலை செய்தார்கள் என்று, கடவுளைத் துதித்த அதே ஊர், அப்பாவையும் மகள் ராஷெலையும் ஏரியில் தள்ளச் சொல்லிக் கத்துகிறது. நீங்கள் அன்றாட உடையிலேயே வந்து அதைப் பாடியபோது அரங்கம் உறைந்துபோனது. பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு, இரவில் இவ்வளவு கடினமான பகுதிகளைப் பாடம் செய்தீர்கள். எப்படி நன்றி சொல்வது?

இரண்டாம் அங்கத்தில் வரும் பஸ்கா என்ற யூதப் பண்டிகை விருந்தை எங்களுக்குப் புரியவைத்தவர் பக்கத்துத் தெரு யூதப் பெரியவர். மேசையை எப்படி அமைப்பது, புளிக்காத ரொட்டியை எப்படிக் கையில் எடுப்பது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். யூதனாக மாறுவேடத்தில் வந்த கிறிஸ்தவ இளவரசன், ராஷெலின் காதலன் லெயோபோல்ட் அந்த ரொட்டியை உண்ணாமல் நழுவவிடுவதை ராஷெல் பார்த்துவிடுகிறாள்; அவள் சந்தேகம் அங்கேதான் தொடங்குகிறது. அந்தக் கணம் பார்வையாளர்களுக்குப் பளிச்சென்று புரிந்தது என்றால், அது ஐயா தந்தது.

முழுதாகப் பாடினால் ஏறக்குறைய நான்கு மணி நேரம். பாலேயை எடுத்துவிடலாம், எலியாசரின் நான்காம் அங்கப் பாட்டில் கை வைக்கக் கூடாது என்று பிடிவாதமாக நின்ற எங்கள் பியானோ கலைஞருக்குத் தனி நன்றி. அவர் சொன்னதுதான் சரி.

ஒளி அமைத்தவர்கள், தையல் வேலை செய்தவர்கள், ஒத்திகைக்குச் சூப் கொண்டுவந்த குடும்பங்கள், எல்லோருக்கும் எங்கள் அன்பு.

இரவல் வாங்கிய இசைப் பிரதிகளில் பென்சில் குறிகளை அழித்துவிட்டு இந்த வாரத்துக்குள் தந்துவிடுங்கள். நூலகம் காத்திருக்கிறது.

அன்புடன்,
குழுவின் சார்பில்