போன் பெட்டியில் அப்டேட் முடியும் தேதியையும் போடச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புது போன் வாங்குவோருக்காக உங்கள் நாளிதழில் வரும் பக்கத்தை நான் விடாமல் படிக்கிறவன். கேமரா எத்தனை மெகாபிக்சல், பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும், பத்தாயிரத்துக்குள் எது தேவலாம் என்று எல்லாம் வருகிறது. ஆனால் அந்த போனுக்கு எந்த ஆண்டு வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும் என்கிற ஒரு வரி மட்டும் என் கண்ணில் பட்டதே இல்லை. கடையில் கேட்டால் "அதெல்லாம் தானா வரும் சார்" என்கிறார்கள். தானாக வராது, ஒரு கட்டத்துக்கு மேல் வரவே வராது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அப்டேட் என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது வாட்ஸ்அப்பும் யூபிஐ ஆப்களும் அவ்வப்போது கேட்பதுதான். நான் சொல்வது அதற்கெல்லாம் அடியில் இருக்கும் கெர்னலை, அதாவது போனின் இயங்குதளமான ஓஎஸ்ஸின் மையப் பகுதியை. எந்த ஆப் எந்த ஃபைலைத் தொடலாம், யாருக்கு எவ்வளவு மெமரி, கேமராவை யார் திறக்கலாம் என்பதெல்லாம் கடைசியில் அதன் கையில்தான் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போன்களில் ஓடுவது லினக்ஸ் கெர்னல். அதில் ஓட்டை விழுந்துவிட்டால் மேலே பின் நம்பர், கைரேகை என்று எத்தனை பூட்டு போட்டும் பிரயோஜனமில்லை.

2016 அக்டோபரில் வெளியே தெரிந்த 'டர்ட்டி கவ்' ஓட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். படிக்க மட்டுமே அனுமதியுள்ள ஒரு ஃபைலை ஒரு ப்ரோகிராம் மெமரியில் தனக்கென்று திறந்துகொண்டு அதில் எழுதப் போனால், கெர்னல் மூலத்தில் கைவைக்க விடாது, ஒரு நகல் எடுத்துக் கொடுத்து 'இதில் எழுதிக்கொள்' என்றுவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு பக்கம் எழுதிக்கொண்டே, இன்னொரு பக்கம் 'அந்த நகல் வேண்டாம், தூக்கிப் போடு' என்று திரும்பத் திரும்ப நச்சரித்தால், நகல் போன கணத்துக்கும் அடுத்த நகல் வரும் கணத்துக்கும் நடுவில் கெர்னல் தடுமாறி, எழுத்து நேராக மூல ஃபைலிலேயே போய் விழுந்துவிடும். அவ்வளவுதான், எந்த உரிமையும் இல்லாத சாதாரண ஆப் ஒன்று, போன் முழுவதையும் ஆளும் 'ரூட்' அதிகாரத்தைப் பிடித்துக்கொள்ள வழி கிடைத்துவிட்டது. 2007-இல் வந்த 2.6.22 பதிப்பிலிருந்தே இந்த ஓட்டை இருந்திருக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே அதற்கும் முன்பு, 2005-இல், இதன் வேரான சிக்கலைச் சரிசெய்யப் பார்த்திருக்கிறார், அந்தத் திருத்தம் ஐபிஎம்மின் மெயின்ஃப்ரேம் என்ற பெரிய கணினிகளில் தகராறு செய்ததால் பின்வாங்கப்பட்டது. பதினொரு வருஷம் கழித்து ஒழுங்காகத் திருத்தியபோது, முதல் முயற்சி மோசமானது என்று அவரே குறிப்பில் எழுதிவைத்தார். இந்த நேர்மை போன் கம்பெனிகளுக்கு இருந்தால் நான் இதை எழுதவே வேண்டியதில்லை.

கெர்னல்காரர்கள் அந்த மாதமே திருத்தத்தை வெளியிட்டுவிட்டார்கள். கூகுளின் ஆண்ட்ராய்டு அப்டேட்டில் டிசம்பரில் கட்டாயமாகச் சேர்ந்தது. அப்புறம்? சிப் தயாரிப்பவர் வாங்கித் தன் பதிப்பில் சேர்க்க வேண்டும், போன் கம்பெனி அதை வாங்கி ஒவ்வொரு மாடலுக்கும் சோதித்து அனுப்ப வேண்டும், விற்று முடித்த மாடலுக்கு யார் இந்த வேலையைப் பார்ப்பார்கள்? கிட்டத்தட்ட ஓராண்டு கழித்து, 2017 செப்டம்பரில், இதே ஓட்டையைப் பயன்படுத்தும் 'இஸட்என்ஐயூ' என்ற வைரஸை ட்ரெண்ட் மைக்ரோ என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்துச் சொன்னது. ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட ஆப்களில் ஒளிந்திருந்தது, நாற்பதுக்கும் அதிகமான நாடுகளில் தென்பட்டது, அதிகம் மாட்டியது சீனாவும் இந்தியாவும்தான். மருந்து தயாராகி ஒரு வருஷம் ஆன நோய்க்கு நம் ஊர் போன்கள் பலியாயின.

2022-இல் வந்த 'டர்ட்டி பைப்' ஓட்டையும் இதே ரகம். பிப்ரவரி 23 அன்று கெர்னலில் அடைபட்டது, ஆண்ட்ராய்டின் மாதாந்திர அப்டேட்டில் இடம்பிடிக்க மே மாதம் ஆகிவிட்டது. அது 5.8 பதிப்பு முதலான புதிய கெர்னல்களில் மட்டும் இருந்ததால் பழைய போன்கள் தப்பித்தன என்பது வேறு கதை. அதையே சாக்காக வைத்து 'பழசே பாதுகாப்பு' என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.

'அப்டேட் போட்டுத்தானே 2024 ஜூலையில் உலகமே நின்றது' என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. ஆனால் அது ஓஎஸ் தந்த அப்டேட் இல்லை, க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம், கெர்னலுக்குள் உட்கார்ந்திருக்கும் தன் மென்பொருளுக்கு அனுப்பிய ஒரு கோளாறான ஃபைல். பயமாக இருந்தால் இரண்டு நாள் பொறுத்து, மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். இரண்டு வருஷம் பொறுக்காதீர்கள். இறங்கிய பிறகு போன் ரீஸ்டார்ட் கேட்டால், 'அப்புறம்' என்று தள்ளிக்கொண்டே போவதும் போடாததற்குச் சமம். கெர்னல் மாற ரீஸ்டார்ட் ஆகியே தீர வேண்டும்.

வாசகர்கள் இப்போதே ஒன்று பார்க்கலாம். செட்டிங்ஸில் 'அபௌட் போன்' உள்ளே போய் ஆண்ட்ராய்டு பதிப்பைத் தொட்டால், பெரும்பாலான போன்களில் பாதுகாப்பு அப்டேட் என்று ஒரு தேதி தெரியும். அது ஒரு வருஷத்துக்கு மேல் பழையதாக இருந்து, புதிதாக எதுவும் இல்லை என்றும் போன் சொன்னால், அந்த போனை அதன் கம்பெனி கைகழுவிவிட்டது என்று அர்த்தம். வங்கி ஆப்பை அதிலிருந்து எடுத்துவிடுவது நல்லது.

சரி, கைக்காசு போட்டு வாங்கியவரை மட்டும் எத்தனை நாள் குறை சொல்வது? ஏடிஎம்களில் அப்டேட் நின்றுபோன பழைய விண்டோஸ் எக்ஸ்பி ஓடிக்கொண்டிருந்தபோது, 2019 ஜூனுக்குள் மாற்றி முடிக்கச் சொல்லி 2018-இல் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கெடு வைத்தது. இன்றைக்குப் பணம் போவதும் வருவதும் கையிலுள்ள போனில்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடல் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 ஆண்டு ஓஎஸ் அப்டேட் என்ற விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. சாம்சங்கும் கூகுளும் தங்கள் விலையுயர்ந்த மாடல்களுக்கு 7 ஆண்டு என்று சொல்லியே விற்கின்றன. எட்டாயிரம் ரூபாய்க்கு வாங்குபவரிடம் பெரும்பாலும் யாரும் எதுவும் சொல்வதில்லை. பெட்டியில் எம்ஆர்பியும் தயாரித்த மாதமும் அச்சிட வேண்டும் என்று சட்டம் இருக்கும்போது, அப்டேட் முடியும் தேதியையும் அதே பெட்டியில் போடச் சொல்வது அரசுக்குப் பெரிய வேலை இல்லை.

அரசு செய்கிறபோது செய்யட்டும். உங்கள் பக்கத்தில் அடுத்த வாரமே விலைக்குக் கீழே ஒரு வரி சேர்க்கலாம்: இந்த மாடலுக்குப் பாதுகாப்பு அப்டேட் எந்த மாதம், எந்த ஆண்டு வரை. கம்பெனியிடம் கேட்டும் பதில் வரவில்லையென்றால், 'கேட்டோம், சொல்லவில்லை' என்றே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்