எத்தன ஜிபி வேணும்னு கேட்டேல்லா மக்களே

மக்களே,

நேத்து போன்ல பேசச்சில, கப்பலுக்கு கொண்டு போக பாட்டு பிளேயர் எத்தன ஜிபி உள்ளது வாங்கணும்னு நீ கேட்டப்பம் நான் பதில் தெரியாம மழுப்பல கேட்டியா, அம்மை பக்கத்துல நின்னுட்டு மாங்கா ஊறுகா எத்தன குப்பி வேணும்னு கேளுங்கன்னு தோள இடிச்சிட்டே இருந்தா, ஒனக்கும் கிளாஸுக்கு நேரமாயிட்டு, இது ரெண்டு வார்த்தையில சொல்லி முடிக்கிற சோலியும் இல்ல. அதான் இப்பம் திண்ணையில இருந்து சாயா குடிச்சிட்டே எழுதுகேன். வெளிய நல்ல மழை, கரண்டும் இல்ல.

நீ கேட்டது 128ஆ 256ஆன்னு, பெறவு மாமா மவன் சும்மா தாறேன்னு சொன்ன பழைய ஐபாட் கிளாசிக், ஆப்பிள் கம்பெனி பாட்டு பிளேயர், அந்த 160 ஜிபி உள்ளது, அத எடுக்கலாமான்னும் கேட்ட. மொத பதில சொல்லிடுகேன், ஒனக்கு 64 ஜிபி போதும், மிச்சமும் கிடக்கும். சும்மா வாய்க்கு வந்தத சொல்லல, 1987ல இருந்து 2004 வரைக்கும் தக்கலையில காஸெட் கடை வச்சு நான் செஞ்ச சோலியே இதுதானே, இத்தன பாட்டுக்கு இவ்வளவு எடம்னு கணக்கு போட்டு பதிஞ்சு குடுக்கது. நீ நடக்க படிக்கச்சிலயே கடைய அடைச்சாச்சு, அதனால ஒனக்கு ஓர்மை இருக்காது.

ஆளு வருவாங்க, நோட்டுத்தாள கிழிச்சு அதுல பாட்டு லிஸ்ட் எழுதி கொண்டு வருவாங்க. சி-60 காஸெட்னா ஒரு பக்கம் 30 நிமிசம், ரெண்டு பக்கமும் சேத்து 12 பாட்டு. சி-90ன்னா பக்கத்துக்கு 45, அப்பம் 18 பாட்டு. நெறைய பேரு பெருசு வாங்குனா லாபம்னு 90 தான் கேப்பாங்க ஆனா லிஸ்ட்ல 11 பாட்டு தான் இருக்கும், கடைசியில "மீதி எடத்துல நல்ல பாட்டா போடும்"னு ஒரு வரி. அந்த மீதி எடத்துல நான் போட்ட பாட்ட அவங்க கேக்கவே மாட்டாங்க, அதத் தாண்டணும்னு ஓட்டி ஓட்டி டேப் தான் இழுத்துப் போகும். சிலர் சி-120 கேப்பாங்க, அதுல டேப் ரொம்ப மெல்லிசு, வேன்ல போட்டு ஓட்டுனா ரோலர்ல சுத்திக்கிடும், அத நான் கடையில வச்சதே இல்ல. அதனால யாரு வந்தாலும் நான் மொதல்ல கேக்கது எங்க வச்சு கேப்பீரு, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் கேப்பீருன்னு தான். அந்த கேள்விக்கு பதில் வந்துட்டுன்னா காஸெட் தானா முடிவாயிடும்.

ஒனக்கும் அதே கேள்வி தான். 9 மாசம் கப்பல்ல இருக்கப் போற, அதுவும் டேங்கர். எண்ணெய் ஆவி இருக்க எடம், டெக்குக்கு போனோ பிளேயரோ கொண்டு போகவே கூடாதுன்னு ஒனக்கு கிளாஸ்லயே சொல்லியிருப்பாங்க, எஞ்சின் ரூம்ல காதுல ஓசைய மறைக்க இயர் மஃப் போட்டிருப்ப. அப்பம் கேபின்ல தான் பாட்டு. சோலி முடிஞ்சு குளிச்சு தின்னுட்டு படுக்கதுக்குள்ள ரெண்டு மணி நேரம்னு வச்சுக்கோ, அதுக்கு மேல ஒன் கண்ணு தாங்காது. 270 நாளைக்கு 540 மணி நேரம்.

இனி சைஸ். கேபிபிஎஸ்னா ஒரு செகண்ட் பாட்டுக்கு எவ்வளவு எடம் எடுக்குன்னு உள்ள அளவு. எம்பி3ல 128 கேபிபிஎஸ்னா ஒரு நிமிசத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி, 192ன்னா ஒன்றரைக்கு கொஞ்சம் கம்மி, 320ன்னா 2.4. அஞ்சு நிமிசப் பாட்டு 128ல 5 எம்பி, 320ல 12 எம்பி. பிளாக் (FLAC)னு ஒண்ணு இருக்கு, சிடில உள்ளத ஒண்ணும் வெட்டாம அப்படியே சுருட்டி வைக்கது, அதுல அதே பாட்டு 25, 30 எம்பி வரும். இப்பம் பாரு, 192ல வச்சா, ஒரு பாட்டு கூட ரெண்டாவது தரம் வராம 540 மணி நேரமும் புதுசு புதுசா கேக்கணும்னாலும் 47 ஜிபிக்குள்ள நிக்கும். ஆனா மனுசன் அப்படியா கேக்கான்? பிடிச்சத தான திரும்பத் திரும்ப கேப்பான். கடைக்கு வந்து ஒரே பாட்ட ரெண்டு பக்கமும் முழுசா பதிஞ்சுட்டுப் போன ஆள எனக்கு தெரியும், அவருக்கு பொண்ணு பாத்துட்டு வந்த மாசம் அது. நீ 1500 பாட்டு பொறுக்கி எடுத்தியன்னா அது 125 மணி நேரம், எல்லாத்தையும் 320ல வச்சாலும் 18 ஜிபி. அதயே முழுக்க பிளாக்ல வச்சா 45 ஜிபி பக்கம் வரும். 64க்கு மேல என்னத்த போடுவ நீ?

பிளேயர்ல போடுக மெமரி கார்டு பெட்டியில 64ன்னு போட்டிருக்கும், கம்ப்யூட்டர்ல குத்துனா 59.6ன்னு காட்டும், ஏமாத்திட்டான்னு நினைக்காண்டாம். கார்டு செய்யுகவன் ஆயிரம் ஆயிரமா எண்ணுகான், கம்ப்யூட்டர் 1024ஆ எண்ணுகு, அவ்வளவு தான்.

ஒண்ணு மட்டும் நல்லோணம் மனசுல வச்சுக்கோ. 128ல உள்ள பாட்ட எவனோ 320ன்னும் பிளாக்னும் மாத்தி வச்சிருப்பான், அது எடத்த தான் கூட்டும், சத்தத்த கூட்டாது. எங்க காலத்துல டப்பிங் காஸெட்ல இருந்து டப்பிங், அதுல இருந்து இன்னொரு டப்பிங்னு எடுத்துட்டு வந்து நல்ல டேப்ல பதிஞ்சு தாரும்பாங்க, டேப் எவ்வளவு கொள்ளாம்னாலும் உள்ள இரைச்சல் இரைச்சல் தானே. மொதல்ல போன சத்தம் பெறவு எங்க இருந்தும் வராது. அதனால ஒரிஜினல் சிடில இருந்து எடுத்தத பிளாக்ல வை, அப்படி ஒரு 200 பாட்டு இருந்தா போதும், மிச்சம் எல்லாம் கிடைச்ச சைஸ்லயே கிடக்கட்டும்.

ஐபாட் சமாச்சாரம். அது நல்ல சாதனம் தான், நான் கொற சொல்ல மாட்டேன். 2001ல மொத ஐபாட் வந்தப்பம் 5 ஜிபி, ஆயிரம் பாட்டுன்னு சொன்னாங்க, அந்த நேரம் நம்ம கடைக்கு எம்பி3 சிடி வர ஆரம்பிச்சாச்சு, 700 எம்பில 140 பாட்டு, அத பாத்தே நாங்க பயந்து போயிருந்தோம், இது என்ன பாக்கெட்டுல ஆயிரம்னு ஒரு நாள் முழுக்க அதே பேச்சு தான். ஆனா மாமா மவன் தாறது 160 ஜிபி கிளாசிக், 40000 பாட்டுன்னு கம்பெனி சொன்னது. 4 நிமிசம் வச்சு பாரு, 40000 பாட்டுன்னா 2600 மணி நேரத்துக்கு மேல, நாளுக்கு ரெண்டு மணி நேரம் கேட்டா மூணரை வருசத்துக்கும் கூடுதல். ஒனக்கு அது எதுக்கு? அதுல உள்ளது சுத்துற ஹார்ட் டிஸ்க், வயசாயிட்டு, கப்பல் எஞ்சின் அதிர்வுல எப்பம் நிக்கும்னு யாரும் சொல்ல முடியாது. கார்டு போட எடமில்ல, பாட்டு ஏத்த கம்ப்யூட்டர்ல அதுக்குன்னு உள்ள சாப்ட்வேர் வேணும், 2022ல ஐபாட் செய்யுகதயே நிறுத்தியாச்சு. அவன் ஆசையா தாறான், வாங்கி வீட்டுல வை, கப்பலுக்கு கொண்டு போகாண்டாம்.

போன் இருக்கே, தனியா பிளேயர் எதுக்குன்னு அம்மை கேக்கா. போன மாசம் மார்த்தாண்டம் பஸ்சுல தூத்தூர் பக்கத்து பையன் ஒருத்தன் பக்கத்துல இருந்தான், ஆழ்கடலுக்கு போற போட்டு, ஒரு தரம் போனா ஒரு மாசத்துக்கு மேல ஆவும் கரைக்கு வர. ஏதோ ஆப்ல காசு கட்டி பாட்டு எல்லாம் டவுன்லோட் பண்ணிட்டு போயிருக்கான், 30 நாளைக்கு ஒருக்கா நெட்ல காட்டணுமாம், காட்டலேன்னா பாட்டு எல்லாம் பூட்டிக்கிடும். கடைசி பத்து நாளு தண்ணிக்கு நடுவுல ஒரு பாட்டு கெடையாதுன்னு அவன் சொன்னப்பம் எனக்கு ஒன் ஞாபகம் தான் வந்துது. கப்பல்ல நெட் இருக்கும் தான், ஆனா கொஞ்சமா கிடைக்க அந்த டேட்டாவ நீ அம்மைட்ட பேச வச்சுக்கோ. போன்ல போட்டோவும் வீடியோவும் வந்து ரொம்பும், எடம் பத்தலேன்னதும் நீ மொதல்ல அழிக்கது பாட்ட தான். அதான் தனியா வேணும்னு சொல்லுகேன்.

பிளேயர் வாங்கச்சில உள்ள இருக்க ஜிபிய பாக்காத, கார்டு ஸ்லாட் இருக்கான்னு பாரு. உள்ள 16 இருந்தாலும் 32 இருந்தாலும் செரி, அதுல ஆண்ட்ராய்டு ஓடுகதுன்னா அதுவே கொஞ்சம் எடத்த தின்னுடும், பேட்டரியும் தின்னும். ரொம்ப சின்ன பழைய மாடல் சிலது 32 ஜிபி கார்டு வரைக்கும் தான் எடுக்கும், 64 போட்டா முழிக்கும், அத கடையிலயே கேட்டுக்கோ. இருட்டுல தடவுனா கைக்கு தட்டுப்படுக மாதிரி பட்டன் உள்ளதா எடு. இயர்போன் குத்துற துளை கண்டிப்பா வேணும், ப்ளூடூத்துல பேட்டரி சீக்கிரம் போகும், கேபின்ல படுத்துட்டு கேக்க ஒயரே போதும்.

128ல ஒரு கார்டு வாங்கதுக்கு 64ல ரெண்டு வாங்கு, ரெண்டுலயும் ஒரே பாட்டு. கார்டு போச்சுன்னா சொல்லிட்டு போகாது. காஸெட் அப்படி இல்ல, மொதல்ல இழுக்கும், மங்கும், நமக்கு தெரிஞ்சிடும்.

இத ஏன் இவ்வளவு அழுத்தி சொல்லுகேன்னா, ரெண்டு வருசத்துக்கு முன்ன நான் ஒரு ரோட்டோரக் கடையில 128 ஜிபின்னு வெல கம்மியா கிடைச்சுதுன்னு ஒரு கார்டு வாங்குனேன். நம்ம மச்சுல கிடந்த காஸெட் பெட்டி இருக்குல்லா, அதுல இருந்து ஒவ்வொண்ணா கம்ப்யூட்டருக்கு ஏத்தி அந்த கார்டுல போட்டேன், கம்ப்யூட்டர்ல எடமில்லன்னு அதுல உள்ளத அழிச்சிட்டேன். கொஞ்ச நாளு கழிச்சு பாத்தா பேரு எல்லாம் வரிசையா காட்டுகு, குத்துனா மொத கொஞ்சம் தான் பாடுகு, மிச்சம் எல்லாம் வெறும் பேரு. உள்ள இருந்தது 8 ஜிபியாக்கும், 128ன்னு காட்டுக மாதிரி செஞ்சு வச்சிருக்கான். காஸெட்ட வேகமா ஏத்த முடியாது மக்களே, ஒரு மணி நேர காஸெட்னா ஒரு மணி நேரம் பக்கத்துல இருக்கணும். எல்லாம் மொதல்ல இருந்து. நம்ம ஊருல ரெண்டு மழையும் பெய்யுகதால டேப்ல வெள்ளையா பூசணம் வேற, அத தொடச்சு, ஹெட்ட ஸ்பிரிட் வச்சு தொடச்சு திரும்ப ஓட்டச்சில, பாட்டா, ஒன் தாத்தா, குடம் அடிச்ச அந்த வில்லுப்பாட்டு காஸெட் ரெண்டாவது ஓட்டத்துல அறுந்து போச்சு. ஒட்டி சேத்துட்டேன், ஆனா குடமும் உடுக்கையும் சேந்து ஏறி வார எடத்துல ரெண்டு மூணு செகண்ட் இல்ல. மொத தரம் ஏத்துனது ஒழுங்கா இருந்திருந்தா அது இருந்திருக்கும். அதனால எங்க கார்டு வாங்குனாலும் மொதல்ல அத முழுக்க நிரப்பி, திரும்ப எடுத்து பாக்கணும், அதுக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw)ன்னு சும்மா கிடைக்க சாப்ட்வேர் ஒண்ணு இருக்கு. நீ கார்டு வாங்காண்டாம், நான் நாகர்கோவில்ல பில் போட்டு வாங்கி சோதிச்சு வைக்கேன், நீ பிளேயர மட்டும் வாங்கிட்டு வா.

சத்தத்த பத்தியும் ஒண்ணு சொல்லணும். எஞ்சின் ரூம்ல இருந்து ஏறி வந்தா காது கொஞ்ச நேரம் மந்தமா இருக்கும், அப்பம் பாட்டு கேக்கலேன்னு வால்யூம கூட்டிடுவ. அரை மணி நேரம் சும்மா கிட, பெறவு போடு. 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம் வரைக்கும் காது தாங்கும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுகு, எஞ்சின் அதுக்கெல்லாம் ரொம்ப மேல. எனக்கு எடது காதுல ஹெட்போன் வச்சு வச்சு இப்பம் கீச்சுன்னு ஒரு சத்தம் நிக்காம கேக்கு, அது ஒனக்கு வரக் கூடாது.

நான் இதுவரைக்கும் ஏத்துனது 41 காஸெட். பேச்சும் வில்லுப்பாட்டும் மோனோல 64 கேபிபிஎஸ் போதும், மூணு மணி நேரக் கதையே 90 எம்பிக்குள்ள அடங்கிடும், ஒனக்கு எடம் ஒண்ணும் போகாது. கோயில் கொடைக்கு வில்லடிச்சது ஆறு, சர்ச் கொயர் ஒண்ணு நல்ல தெளிவா இருக்கு, எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆளுக பதிய தந்துட்டு திரும்ப வாங்க வராத மலையாளப் பாட்டு காஸெட் நாலு. நீ சின்னதுல ஒறங்காம கெடந்தப்பம் அம்மை பாடுனத நான் கடை மைக்குல பதிஞ்சது ஒண்ணு உண்டு, அவளுக்கு தெரியாது, அதயும் போடுகேன்.

ஒன் லிஸ்ட ஞாயித்துக்கிழமைக்குள்ள அனுப்பு, 1500ம் ஒரேயடியா வேண்டாம், ஓர்மைக்கு வாறத வாறத எழுது. 59 ஜிபில 20 ஜிபி சும்மா கிடக்கட்டும், கப்பல்ல பிலிப்பைன்ஸ்காரன், வங்காளி, எல்லாவனும் இருப்பான், அவன் அவன் ஊரு பாட்டு தருவான், அதுக்கு எடம் வேணும்லா.

ஊறுகா எத்தன குப்பின்னும் சேத்து எழுது, அம்மை இங்க தான் நிக்கா.

அப்பா